வேர்க்காத உடம்பு

வெளிச்சுவர்ப் பக்கம் 'டொக்'கென்று ஒரு சத்தம் கேட்டது. எழில்மதி கண்ணைத் திறந்தாள். தலைக்கு மேலே ஏசி இரைந்துகொண்டுதான் இருந்தது. காற்றும் வந்தது. ஆனால் சந்தில் மாட்டியிருந்த பெரிய பெட்டியின் உறுமல் நின்றுபோயிருந்தது. நேற்றிலிருந்தே அது முக்கி முக்கித்தான் ஓடியது. இப்போது அந்த முக்கலும் இல்லை.

தானாகத் திரும்ப ஓடும் என்று காத்திருந்தாள். சில நேரம் அப்படி நின்று ஓடுவது உண்டு. இந்தத் தடவை ஓடவில்லை. கொஞ்ச நேரத்தில் முகத்தில் பட்ட குளிர்காற்று வெறும் காற்றாகிவிட்டது.

முகம் மட்டும்தான் அவளுக்கு அதைச் சொல்லும். கோமுகி அணைக்குப் போகும் சாலையில் பைக் சறுக்கிக் கழுத்தெலும்பு முறிந்து மூன்று வருஷமாகிறது. தோளுக்குக் கீழே உணர்ச்சி கிடையாது. முழங்கையை மடக்குவாள், விரல் அசையாது. இதெல்லாம் பார்த்தவுடனே தெரிகிற குறைகள். தெரியாத குறை ஒன்று இருந்தது. அவள் உடம்பு வேர்க்காது. அடிபட்ட பிறகு வந்த முதல் கோடையில் அவளுக்குக் காய்ச்சல் ஏறிக்கொண்டே போனது. மாத்திரைக்கு இறங்கவில்லை, ஊசிக்கும் இறங்கவில்லை. கடைசியில் ஒரு டாக்டர்தான் சொன்னார்: "இது காய்ச்சல் இல்லம்மா. உங்க உடம்புக்குத் தன்னத்தானே ஆத்திக்கத் தெரியல. வெயில் காலத்துல குளிர்ந்த ரூம்லதான் இருக்கணும்." அப்படித்தான் கச்சிராயபாளையத்தில் அந்தத் தெருவிலேயே முதல் ஏசி அவர்கள் வீட்டுக்கு வந்தது. பார்த்தவர்கள் என்னென்னவோ பேசினார்கள்.

கத்திரி பிறந்த முதல் வாரம் அது. ஜன்னல்கள் இறுக மூடியிருந்தன. தளத்துக்கு மேலே வெயில் காய்ந்துகொண்டிருந்தது. வீட்டில் யாரும் இல்லை.

புருஷன் தமிழழகன் விடியும் முன்னே டிராக்டரில் கரும்பு ஏற்றிக்கொண்டு மூங்கில்துறைப்பட்டு ஆலைக்குப் போயிருந்தான். பருவத்தின் கடைசி லோடு. அதை விட்டால் கரும்பு வயலிலேயே காய்ந்துபோகும். அவளைப் பார்த்துக்கொள்ளும் பாவாயி, மாமன் கருமாதிக்கென்று முந்தாநாள் மலைமேல் இருக்கும் தன் ஊர் வெள்ளிமலைக்கு ஏறியவள் இன்னும் இறங்கவில்லை. "உச்சிக்குள்ள வந்துடுவேன் எழிலு, ஏசிய போட்டுட்டுப் போறேன், நிம்மதியா படு" என்று தமிழழகன் கஞ்சியூட்டி, திருப்பிப் படுக்க வைத்து, போனைத் தாங்கியில் நிறுத்தி முகத்துக்கு நேரே வைத்துவிட்டுப் போனான். உச்சி தாண்டிவிட்டது.

வலது மணிக்கட்டில் கட்டியிருந்த பட்டையில் ஒரு ரப்பர் முனைக் குச்சி செருகியிருந்தது. அதால் தொட்டுத்தான் அவள் போன் பேசுவாள். தோளைத் தூக்கி, குறி பார்த்து, அவன் பெயரைத் தொட்டாள். அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி தொட்டாள். மூன்றாம் தடவை எடுத்தான். பின்னால் டிராக்டர்களின் இரைச்சல்.

"இன்னா எழிலு? முன்னாடி இன்னும் நெறைய வண்டி நின்னுக்கினு கீது. டோக்கன் கூப்புடவே இல்ல."

"ஏசி நின்னுப்போச்சிங்க."

"கரண்ட்டு இல்லியா?"

"கரண்ட்டு கீது. காத்து வருது, குளிரு வரல. அவுட்டோரு ஓடல."

அவன் குரல் மாறிவிட்டது. "எவ்ளோ நேரமாச்சி?"

"இப்பதான்."

"நான் கெளம்பறேன். வண்டிய யார்கிட்டயாவது வுட்டுட்டு எவன் பைக்காவது வாங்கினு வரேன். எப்படி வந்தாலும் ஒரு மணி நேரம் ஆவும் எழிலு." சட்டென்று, "நீ சின்னம்மாவ கூப்புடு" என்றான்.

"அவங்களயா?"

"வேற யாரு கீறாங்க கூப்புடுற தூரத்துல? தெருவே வயலுக்கும் வேலைக்கும் போயிருக்கும். கூப்புடு. மானம் ரோசம் எல்லாம் அப்பறம் பாக்கலாம்."

சின்னம்மா என்று அவன் சொன்னது பக்கத்து வீட்டு அமிர்தத்தை. அவனுடைய சித்தப்பா பெண்சாதி. சித்தப்பா செத்த பிறகு நாலு ஆட்டை வைத்துக்கொண்டு தனியாக இருப்பவள். இரண்டு வீட்டுக்கும் நடுவே ஆள் நுழைகிற அளவுக்கு ஒரு சந்து. ஏசியின் பெட்டி அந்தச் சந்தில்தான் மாட்டியிருந்தது. அது துப்புகிற அனல் நேரே அமிர்தத்தின் ஆட்டுக்கொட்டகைமேல் அடிக்கும். ஏசி வந்த அடுத்த பங்குனியில் ஒரு குட்டி செத்துப்போனது. அன்றைக்கு அமிர்தம் தெருவில் நின்று கத்தினாள்: "எங்க ஆட்ட வேக வச்சிட்டு மகாராணி குளுகுளுன்னு படுத்துக்கினு இருக்கணுமா?" தமிழழகனும் விடவில்லை. "எங்க செவுரு, எங்க எடம், நாங்க மாட்டுவோம்" என்று கத்தினான். அன்றோடு பேச்சு நின்றது. நல்லது கெட்டதுக்குக்கூட எட்டிப் பார்க்கவில்லை.

எழில்மதி உடனே அவளைக் கூப்பிடவில்லை. முதலில் ஏசி மெக்கானிக் சிவசங்கரைக் கூப்பிட்டாள். கள்ளக்குறிச்சியில் கடை வைத்திருப்பவன்.

"அக்கா, இன்னிக்கி ஊரே ஏசி ஏசின்னு கூப்புடுது. சாயந்தரம் பாக்கலாங்க்கா."

"தம்பி, நான் கச்சிராயபாளையம். கழுத்து அடிபட்டு படுத்துக்கினு இருக்கேனே, அந்த வூடு."

அவன் குரல் கீழே இறங்கியது. "ஐயோ, நீங்களா? நான் சங்கராபுரத்துல ஒரு வேலைய பிரிச்சிப் போட்டுட்டேன்க்கா. மூட்டிட்டு நேரா உங்க வூட்டுக்குத்தான் வரேன். பக்கத்துல யாராவது கீறாங்களா? பெட்டிய ஒரு தடவ பாக்கச் சொல்லிட்டு எனக்குப் போன் போடுங்க."

பக்கத்தில் யாரும் இல்லை.

அறை மாறத் தொடங்கியிருந்தது. தளத்திலிருந்து சூடு இறங்குவது தெரிந்தது. யாரோ வாணலியைக் கவிழ்த்து மேலே பிடித்திருப்பதுபோல் இருந்தது. உதடு காய்ந்தது. காதுக்குள் மெல்லிய ரீங்காரம். எழில்மதிக்கு இந்த வரிசை தெரியும். முதலில் காது, பிறகு தலைவலி, பிறகு குமட்டல், அதற்கப்புறம் பேச்சு குழறும். பேச்சு குழறினால் யாரைக் கூப்பிடுவது?

சத்தம் போட்டுப் பார்த்தாள். "யாராவது கீறீங்களா?" நெஞ்சுத் தசைக்கு வலு இல்லாததால் குரல் கட்டிலைத் தாண்டவில்லை. குளிர் போகாமல் இருக்கட்டும் என்று ஜன்னல் இடுக்கில்கூட துணி அடைத்து வைத்திருந்தான் தமிழழகன்.

குச்சியைத் தூக்கினாள். அமிர்தத்தின் பெயர் பட்டியலில் மேலேயே இருந்தது. ஒரு காலத்தில் தினம் பேசிய பெயர். தொட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. மறுபடி தொட்டாள். இந்தத் தடவை ஜன்னலுக்கு அப்பால், சந்துக்கு அந்தப் பக்கம், அந்த போன் அடிப்பது அவளுக்கே லேசாகக் கேட்டது. பாதியில் அறுந்தது. பார்த்துவிட்டுத்தான் வெட்டுகிறாள்.

எழில்மதிக்கு அழுகை முட்டியது. அழக்கூடாது, மூக்கு அடைத்தால் மூச்சு திணறும். மறுபடி தொட்டாள். குறி தவறி வேறு யாருக்கோ போனது. வெட்டினாள். இன்னொரு தடவை தொட்டாள்.

"இன்னா?" என்றது அமிர்தத்தின் குரல். கதவை முகத்தில் சாத்துவது மாதிரி இருந்தது.

"அத்தே, வூட்ல யாருமில்ல. ஏசி நின்னுப்போச்சி. வாங்க அத்தே."

"ஏசி நின்னா விசிறிய போட்டுக்கினு படு. நாங்கல்லாம் இல்ல?"

"என்னால வேர்க்க முடியாது அத்தே." அதற்கு மேல் விளக்க மூச்சு வரவில்லை. "செத்துப்போயிடுவேன்."

அமிர்தம் போனை வெட்டவில்லை. சற்று நேரத்தில் முன்கதவின் தாழ்ப்பாள் கிறீச்சிட்டது.

அமிர்தம் அறைக்குள் வந்தவள் நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். அடிபட்ட புதிதில் வந்து பார்த்தது. அப்போது உடம்பில் சதை இருந்தது. இப்போது போர்வைக்குக் கீழே கால்கள் இரண்டு குச்சிகளாகக் கிடந்தன. கட்டிலின் ஓரத்தில் மூத்திரப் பை தொங்கியது. எழில்மதியின் முகம் மட்டும் செக்கச் செவேலென்று இருந்தது. அமிர்தம் கன்னத்தைத் தொட்டாள். கையைச் சட்டென்று எடுத்துக்கொண்டாள்.

"அடிப்பாவி, கொதிக்குதே! ஒரு சொட்டு வேர்வை இல்லியே!"

"போர்வைய எடுங்க. நைட்டிய கழட்டுங்க. கத்திரிக்கோலு அங்க கீது, வெட்டிடுங்க. துணிய நனச்சி உடம்பு முழுக்கப் போடுங்க. அப்பறமா ஃபேன போடுங்க. மொதல்ல தண்ணி, அப்பறம்தான் காத்து. வெறும் காத்து அடிச்சா இன்னும் சூடாவும்."

எழில்மதி நிறுத்தி நிறுத்தி, மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னாள். அமிர்தம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நைட்டியைக் கழுத்திலிருந்து கால்வரை வெட்டித் திறந்தாள். கொடியில் கிடந்த வேட்டி, துண்டு, புடவை எல்லாவற்றையும் பக்கெட்டில் முக்கினாள். தொட்டித் தண்ணீர் சூடாக இருந்தது. அதைக் கொட்டிவிட்டு அவள் வீட்டுப் பானைத் தண்ணீரைத் தூக்கி வந்தாள். ஈரத்துணி போட்டு, ஃபேனைச் சுழலவிட்டு, துணி காயக் காய மேலே தண்ணீரை வாரித் தெளித்தாள். மெத்தை நனைந்தது, தரை நனைந்தது.

"ஃபிரிட்ஜில ஐஸு இருக்குமா?"

"இருக்கும். நேரா வைக்காதீங்க அத்தே, ஐஸு சுட்டாலும் எனக்குத் தெரியாது, தோலு வெந்துடும். துணியில சுத்தி அக்குள்ள, கழுத்துல வைங்க."

அக்குளில் வைத்தது எழில்மதிக்குத் தெரியவில்லை. கழுத்தில் வைத்தது தெரிந்தது. அந்த ஒரு கை அகலக் குளிர்ச்சியை அவள் பற்றிக்கொண்டு கிடந்தாள்.

தமிழழகன் வழியிலிருந்து கூப்பிட்டான். அமிர்தம்தான் போனை எடுத்தாள்.

"நான்தான்டா. வந்துட்டேன். தண்ணி ஊத்திக்கினு கீறேன்."

"பேசுறாளா சின்னம்மா?"

"பேசுறா. நீ வண்டிய பாத்து ஓட்டு. 108க்கு சொல்லு."

"சொல்லிட்டேன், வந்துக்கினு கீது."

தெர்மாமீட்டர் எங்கே என்று எழில்மதி கண்ணால் காட்டினாள். அமிர்தத்துக்கு எண் படிக்கத் தெரியும். பார்த்தாள், சொல்லவில்லை. எழில்மதி கேட்டாள். "நூத்தி மூணர" என்றாள் அமிர்தம் மெதுவாக. இன்னும் வேகமாகத் தண்ணீர் தெளித்தாள்.

அப்போதுதான் சிவசங்கரின் போன் வந்தது. ஒலிபெருக்கியில் போட்டாள் அமிர்தம்.

"அக்கா, நான் கெளம்பிட்டேன். யாராவது வந்தாங்களா? வெளிப்பெட்டிக்கு முன்னாடி எதுனா மறைச்சிக்கினு கீதான்னு பாக்கச் சொல்லுங்க. துணி, சாக்கு, பலகை, எதுனா. சூட்ட வெளிய தள்ள முடியாம போனா அது இந்த வெயிலுக்கு நின்னுடும்."

தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த அமிர்தத்தின் கை நின்றது. சொம்பைக் கீழே வைத்தாள். எழில்மதியைப் பார்க்காமல் வெளியே போனாள்.

சந்தில் தகரம் உரசும் சத்தம் கேட்டது. ஒரு பெரிய தகரத்தை யாரோ நெம்பி எடுத்து, தரையில் இழுத்துக்கொண்டு போகிறார்கள். பிறகு காய்ந்த கரும்புச் சோகைக் கட்டு விழுகிற சத்தம். எழில்மதிக்குப் புரிந்துவிட்டது. நேற்றிலிருந்து பெட்டி ஏன் முக்கியது என்று புரிந்தது. காதின் ரீங்காரத்தையும் மீறி அவளுக்குள் ஒரு ஆத்திரம் எழும்பியது. எழுந்து போய் ஒரு அறை கொடுக்க முடிந்தால் கொடுத்திருப்பாள்.

அமிர்தம் திரும்பி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "எடுத்துட்டேன்" என்றாள். போனிலிருந்து சிவசங்கர் சொன்னபடி சுவிட்சை அணைத்து, சற்றுப் பொறுத்து மறுபடி போட்டாள். சந்தில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் எழுந்து அடங்கியது. பெட்டி ஓடவில்லை.

"கெப்பாசிட்டர் போயிருக்கும். என்கிட்ட கீது. வரேன்" என்றான் சிவசங்கர்.

அமிர்தம் சொம்பை எடுத்தாள். மறுபடி தண்ணீர் தெளித்தாள்.

"ஆட்டு மேல அனலு அடிக்கக் கூடாதுன்னுதான் வச்சேன்" என்றாள். "உனக்கு இப்படி ஆவும்னு தெரியாது. சத்தியமா தெரியாது மதி."

எழில்மதிக்குக் குமட்டல் தொண்டைவரை வந்திருந்தது. "என்னை ஒருக்களிச்சுத் திருப்புங்க" என்று மட்டும் சொன்னாள். கழுத்துக்கு ஒரு கை, இடுப்புக்கு ஒரு கை கொடுத்து அமிர்தம் திருப்பினாள். வாந்தி வந்தது. உள்ளங்கையில் ஏந்தினாள். வாயைத் துடைத்துவிட்டு, "பேசிக்கினே இரு, தூங்காத" என்றாள். எழில்மதிக்குப் பேசத் தெம்பில்லை. அதனால் அமிர்தமே பேசினாள். ஆட்டைப் பற்றி, மழை வராததைப் பற்றி, செத்துப்போன புருஷனுக்கு வெயில் என்றால் ஆகாது என்பதைப் பற்றி, என்ன வாய்க்கு வந்ததோ அதையெல்லாம். நடுநடுவே "மதி, கேக்குதா?" என்பாள். எழில்மதி கண்ணை இமைப்பாள்.

ஆம்புலன்ஸும் தமிழழகனும் ஏறக்குறைய ஒன்றாக வந்தார்கள். அவன் சட்டையெல்லாம் கரும்புச் சக்கையும் புழுதியுமாக ஓடிவந்து கட்டிலின் பக்கத்தில் முட்டிபோட்டான். ஆம்புலன்ஸில் வந்த பெண் சூடு பார்த்தாள். நூற்றொன்றுக்கு வந்திருந்தது. நாடி பார்த்தாள், சலைன் ஏற்றினாள். "யாருங்க தண்ணி ஊத்துனது? இதுதான் காப்பாத்திச்சி" என்றாள். "ஏசி சரியாவலன்னா இங்க வச்சிருக்காதீங்க, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கினு வந்துடுங்க." அமிர்தம் மூலையில் ஈரப்புடவையோடு நின்றுகொண்டிருந்தாள். அந்தப் பாராட்டை அவளால் கேட்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சலைன் முடிகிற நேரத்தில் சிவசங்கர் வந்தான். சந்துக்குள் நுழைந்தவன் கொஞ்ச நேரத்தில் உப்பிப்போன கெப்பாசிட்டரைக் கையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தான். "இது வெந்துபோச்சிண்ணா. எதையோ முன்னாடி வச்சி அடைச்சிருக்காங்க, சோகை ஒட்டிக்கினு கீது பாருங்க" என்று தமிழழகனிடம் காட்டினான்.

தமிழழகன் அமிர்தத்தைத் திரும்பிப் பார்த்தான்.

"நான்தான் தகரம் வச்சேன்" என்றாள் அவள்.

"நீயா?" அவன் எழுந்துவிட்டான். "எம் பொண்டாட்டி உசுரு போயிருக்குமே சின்னம்மா! உனக்கு ஆடுதான் பெருசா?"

"இன்னாங்க" என்றாள் எழில்மதி. குரல் கரகரத்தது. "கத்தாதீங்க. தலை வெடிக்குது."

அவன் நின்றான்.

"எனக்கும் அவங்க மேல கோவம்தான். நெறையவே கீது" என்றாள் அவள். அமிர்தத்தின் முகத்தைப் பார்த்தே சொன்னாள். "ஆனா அந்தக் குட்டி செத்தப்ப நாம போயி ஒரு வார்த்த கேட்டமா? பெட்டிய வேற எடத்துல மாட்டுங்கன்னு நானே உங்கள்ட்ட எத்தினி தடவ சொன்னேன்? பாக்கலாம் பாக்கலாம்னீங்க."

சிவசங்கர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மாடியில மாட்டிடலாம்ண்ணா. பைப்பு இன்னும் கொஞ்சம் நீளம் வேணும், நாளைக்கி எடுத்துக்கினு வரேன். இன்னிக்கி ஓட்டத்துக்கு இது போதும்" என்றான். சந்துக்குப் போய்ப் புதுசைப் பொருத்தினான்.

பெட்டி உறுமியது. அமிர்தம் தன் வீட்டுக்குப் போய் ஆடுகளை அவிழ்த்து வாசல் வேப்பமரத்தடியில் கொண்டுபோய்க் கட்டினாள். திரும்பி வந்து, மெத்தையை மாற்றத் தமிழழகனோடு ஒரு பக்கம் பிடித்தாள். அவன் அவளோடு பேசவில்லை. ஆனால் "தூக்கு", "எறக்கு" என்று மட்டும் சொன்னான்.

ஏசி ஓடினாலும் எழில்மதிக்குப் பயம் போகவில்லை. அடுத்த நாள் பெட்டியை மாடிக்கு மாற்றிய பிறகும் போகவில்லை. அறை குளிர்ந்து அது தானாக ஓய்கிற ஒவ்வொரு தடவையும் நெஞ்சு அடித்துக்கொண்டது. மறுபடி உறுமுகிறவரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பகலில் தூக்கமில்லை. கரண்ட் விளக்கு மினுக்கினால் தமிழழகனை உடனே கூப்பிட்டாள்.

மாமன் கருமாதி முடிந்து பாவாயி இறங்கி வந்தாள். நடந்ததைக் கேட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள். "பேசாம மேல வந்துடுக்கா. எங்க வூட்ல ராவுக்குப் போர்வை இல்லாம படுக்க முடியாது. கத்திரி முடியற மட்டும் இருந்துட்டு வரலாம்" என்றாள்.

முந்தியும் பலமுறை கூப்பிட்டிருக்கிறாள். ரோடு, வளைவு, ஜீப் குலுக்கல், போகிற வழியில் ஏதாவது ஆனால் என்று எழில்மதி மறுத்தே வந்தாள். இந்த முறை டாக்டருக்குப் போன் போடச் சொன்னாள். கழுத்துக்குப் பட்டை போட்டு, வழியெல்லாம் ஈரத்துணியோடு, விடிகாலையிலேயே கிளம்பினால் போகலாம் என்றார் அவர்.

ஜீப்பின் பின்சீட்டை எடுத்துவிட்டு மெத்தை போட்டார்கள். தலைப்பக்கம் யார் உட்காருவது என்ற பேச்சு வந்தது. பாவாயிக்கு வளைவில் வாந்தி வரும், முன்னால்தான் உட்காருவாள். தமிழழகன் கால்பக்கம் பிடிக்க வேண்டும்.

"அத்தைய வரச் சொல்லுங்க" என்றாள் எழில்மதி.

தமிழழகன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். பிறகு போய்ப் பக்கத்து வீட்டு வாசலில் நின்று, "சின்னம்மா, உன்ன வரச் சொல்றா" என்றான். ஆடுகளை எதிர்வீட்டில் ஒப்படைத்துவிட்டு அமிர்தம் ஒரு பையோடு வந்தாள்.

மலைச்சாலை ஏறத் தொடங்கியதும் எழில்மதி கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒவ்வொரு வளைவிலும் வண்டி சாய்ந்தது. இஞ்சின் திணறும்போதெல்லாம் நின்றுவிடுமோ என்று உள்ளே திக்கென்றது. அமிர்தம் அவள் தலையைத் தன் மடியில் இரண்டு கையாலும் தாங்கி, அசையாமல் பிடித்திருந்தாள். விரல்கள் மரத்துப்போயிருக்கும். விடவில்லை.

"எத்தினி வளைவு அத்தே இன்னும்?"

"எண்ணல. பாதி ஏறியிருப்போம்."

இன்னும் இரண்டு மூன்று திருப்பங்கள் கழித்து ஜன்னல் வழியாக வந்த காற்று முகத்தில் பட்டது. எழில்மதி கண்ணைத் திறந்தாள். கன்னத்தைக் காற்றுப் பக்கம் திருப்ப முயன்றாள். முடியவில்லை. அமிர்தம் புரிந்துகொண்டு, கழுத்துப் பட்டை நழுவாமல், தன் உடம்போடு சேர்த்து அவளை மெல்லத் திருப்பிவிட்டாள்.